தண்ணீர் மேலிருந்தா, கீழிருந்தா? கார் ஷெட் தரைப்பூச்சில் பட்டறிந்தவை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் சுற்றுவட்டாரத்தில் தரைப்பூச்சு வேலை எடுத்துச் செய்கிறேன். அரிசி ஆலை, ஒர்க்‌ஷாப், மருந்துக் கிடங்கு என்று ஓடிக்கொண்டிருந்த தொழில் இப்போது வீட்டு கார் ஷெட்டுக்கும் வந்துவிட்டது. எல்லாம் செல்போன் செய்த வேலை. பனி கொட்டும் ஏதோ ஓர் ஊரில் ஒருவர் தன் கராஜ் தரையில் சாம்பல் நிறப் பூச்சை ஊற்றி, மேலே கலர் சில்லுகளைத் தூவி, பளபளவென்று ஆக்கிக் காட்டுவார். அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இதே மாதிரி நம்ம வீட்டுக்கும் போட்டுருங்க" என்று கூப்பிடுகிறார்கள். என்ன பெயிண்ட், சதுர அடி என்ன விலை என்பதோடு அவர்கள் கேள்வி முடிந்துவிடும். நான் திருப்பிக் கேட்பது வேறு: உங்க தரைக்குத் தண்ணி மேலேயிருந்து வருதா, கீழேயிருந்து வருதா?

பனி ஊர் தரைக்கும் நம்ம ஊர் தரைக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி வீட்டு வேலையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கிடைத்தது. ஆச்சியின் மகன் அமெரிக்காவில், கொலராடோவில், டென்வருக்கு மேற்கே மலையடிவாரத்தில் குடியிருக்கிறார். அங்கே அவர் வீட்டு கராஜ் தரை பெயர ஆரம்பித்திருந்தது. இங்கே அம்மா வீட்டில் கார் நிறுத்தப் புதிதாகக் கான்கிரீட் போட்டிருந்தார்கள். "அண்ணே, ரெண்டுக்கும் ஒரே சாமானை வாங்கிடலாமா? நான் வர்றப்ப கொண்டுவந்துடுறேன்" என்றார்.

தரையை வீடியோ காலில் காட்டச் சொன்னேன். டயர் நிற்கும் நாலு இடத்தைச் சுற்றி மட்டும் மேல்தோல் சில்லு சில்லாக உரிந்து ஜல்லி தெரிந்தது. நடுத்தரை நன்றாகவே இருந்தது. நம்ம ஊர்க் கொத்தனாரிடம் காட்டியிருந்தால் "சிமென்ட் கம்மி" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொல்லியிருப்பார். சிமென்ட் கம்மி என்றால் தரை முழுக்கப் பெயர வேண்டும். டயரைச் சுற்றி மட்டும் பெயர்ந்தால், டயரோடு ஏதோ உள்ளே வருகிறது என்று அர்த்தம்.

வருவது உப்புத் தண்ணீர். பனிக்காலத்தில் சாலையில் ஐஸ் கட்டாமலிருக்க அங்கே உப்பு போடுகிறார்கள். சாதாரணச் சோடியம் குளோரைடு ஒருபுறம்; கொலராடோவில் மெக்னீசியம் குளோரைடு கரைசலையும் சாலையில் தெளிக்கிறார்கள். கார் சக்கரத்தின் மேல்வளைவில் பனியும் உப்பும் சேறுமாக அப்பிக்கொள்ளும். கராஜுக்குள் வந்து நின்றதும் அது உருகிச் சொட்டி டயருக்கு அடியில் குட்டையாகத் தேங்கும். மெக்னீசியம் குளோரைடுக்கு இன்னொரு குணம், காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அந்த இடம் லேசில் காயாது. கான்கிரீட் பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் உள்ளே நுண்துளைகள் நிறைந்தது. அந்தத் துளைகளில் நீர் நிறைந்த நேரத்தில் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் நீர் உறைந்து சுமார் 9 சதவீதம் பெருகும். இடம் போதாமல் மேல்தோலை நெம்பித் தள்ளும். பகலில் உருகும், ராத்திரி மறுபடி உறையும். அந்த மலையடிவாரத்தில் குளிர்காலத்திலும் பகல் வெயில் நன்றாக அடிக்கும் என்பதால் இந்த உறைதலும் உருகுதலும் ஒரே பருவத்தில் திரும்பத் திரும்ப நடக்கிறது. போதாக்குறைக்கு மெக்னீசியம் குளோரைடு சிமென்ட்டின் பிணைப்பையே மெல்ல அரிக்கும்.

உப்பு கம்பியை என்ன செய்யும் என்று காரைக்குடிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட செக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம்ம ஊரில்தான் இருக்கிறது. உலோக அரிப்பு அவர்களுடைய முக்கியமான ஆராய்ச்சி. குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிடக் கூடுதல் இடம் கேட்கும். கான்கிரீட் உள்ளிருந்து வெடிக்கும். கடற்கரை வீடுகளில் நாம் பார்ப்பதும், பனி ஊர் கராஜில் வலைக்கம்பி போட்ட தரையில் நடப்பதும் ஒரே விஷயம்தான்.

ஆக, மலை ஊர்த் தரைக்கு எதிரி மேலிருந்து வருகிறது. மேலே ஒரு நல்ல மூடி போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அங்கே பூச்சு வெறும் அழகுக்கு இல்லை, அவசியமே. ஆனால் எந்தப் பூச்சு என்பதைவிட எந்த வாரம் போடுவது என்பதுதான் பெரிய கேள்வி. இந்த மாதிரித் தரைக்கு வழக்கமாகப் போடும் பூச்சு எப்பாக்சி. அதில் ரெசின், ஹார்டனர் என்று இரண்டு பாகம். கலந்ததும் நடக்கும் வினைக்குச் சூடு வேண்டும். பெரும்பாலான எப்பாக்சிகள் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சரியாக இறுகாது. சூடு 10 டிகிரி குறைந்தால் இறுகும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இதில் பலரும் ஏமாறுவது காற்றின் வெப்பத்தைப் பார்த்து முடிவெடுப்பதால். பகலில் காற்று 18 டிகிரி காட்டும். ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த தரை 9-இல் நிற்கும். பூச்சு ஒட்டப்போவது தரையில். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கித் தரையில் காட்டிப் பாருங்கள் என்று அவரிடம் சொன்னேன். செப்டம்பரிலேயே வேலையை முடித்துக்கொள்வது என்று முடிவானது.

குளிர் வந்தபிறகுதான் செய்ய முடியும் என்கிறவர்கள் ஹீட்டர் வைப்பார்கள். அதிலும் ஒரு வினை இருக்கிறது. புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டர், மண்ணெண்ணெய் ஹீட்டர் எரியும்போது நீராவியும் கார்பன் டை ஆக்ஸைடும் வெளியே விடும். இவை இரண்டும் ஹார்டனரோடு சேர்ந்து, இறுகிவரும் எப்பாக்சியின் மேல் மெழுகு தடவினாற்போல ஒரு வெள்ளைப் படலத்தை உண்டாக்கும். அதைச் சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவித் துடைக்காமல் அடுத்த கோட் அடித்தால், அந்தக் கோட் முழுசாகத் துணி மாதிரி கையோடு வரும். மின்சார ஹீட்டர் பரவாயில்லை. அங்கே பல வீடுகளில் கேஸ் வாட்டர் ஹீட்டர் கராஜுக்குள்ளேயே இருக்கிறது. தின்னர் கலந்த பூச்சு அடிக்கும்போது அந்தச் சுடர் எரிந்துகொண்டிருந்தால் ஆபத்து. அதை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்துத்தான் வேலை.

ஆச்சி மகன் கடைசியில் செய்தது: டைமண்ட் கிரைண்டர் வாடகைக்கு எடுத்து மேல்தோலைத் தேய்த்தெடுத்தது, பெயர்ந்த இடத்தை ரிப்பேர் மார்ட்டார் வைத்து நிரப்பியது, எப்பாக்சி அடிக்கோட், அதன்மேல் சில்லு, மேல்கோட்டுக்குப் பாலிஅஸ்பார்டிக். இந்தப் பாலிஅஸ்பார்டிக் குளிரிலும் இறுகும், வெயிலில் மஞ்சளாகாது. ஆனால் அவசரக்காரச் சாமான். ஊற்றினால் கால் மணி, அரை மணிக்குள் ரோலரில் இழுத்து முடித்தாக வேண்டும். தனியாளாக இறங்கக் கூடாது. மேல்கோட்டில் பொடி மணல் கலக்கச் சொல்லியிருந்தேன். பனி ஒட்டிய ஷூவோடு வழுவழுப்பான தரையில் கால் வைத்தால் அவ்வளவுதான். தரையில் வெட்டிவிட்டிருந்த கோடுகளை எப்பாக்சியால் அடைக்கவும் வேண்டாம் என்றேன். அந்தப் பக்கத்து மண் பல இடங்களில் நீரை உறிஞ்சினால் வீங்கும் களிமண். தரை ஆடிக்கொண்டுதான் இருக்கும். இறுகிப்போன எப்பாக்சி ஆட்டத்துக்குக் கொடுக்காது, விரிசல் பக்கத்திலேயே புதிதாக ஓடும். வளைந்து கொடுக்கிற பாலியூரியா நிரப்பி அதற்குச் சரி.

நம்ம பக்கத்தில் குளிருக்குக் கொடைக்கானலைச் சொல்லலாம். சுமார் 2,100 மீட்டர் உயரம். காரைக்குடிக் குடும்பம் ஒன்றின் பங்களாவுக்கு அங்கே கார் ஷெட் வேலைக்குப் போனோம். சாலை உப்பு கிடையாது, கராஜ் தரை உறையவும் போவதில்லை. அங்கே தொல்லை மூடுபனி. காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும். மதியம் தாண்டினால் மேகம் ஷெட்டுக்குள்ளேயே நுழைந்துவிடும். காற்று 15 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் பனித்துளி படியும் வெப்பநிலை 13.4 டிகிரி. தரை 14-இல் இருக்கிறது. கண்ணுக்குக் காய்ந்த தரைதான். இன்னும் அரை டிகிரி இறங்கினால் வியர்க்க ஆரம்பித்துவிடும். பனி படியும் வெப்பநிலையைவிடத் தரை குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருந்தால்தான் கலவையைத் திறக்கலாம் என்பது தொழிலில் உள்ள கணக்கு. நாங்கள் அன்றைக்கு வாளியைத் திறக்காமல் டீ குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்காரருக்குக் கோபம்தான். "மழை பெய்யலையே, ஏன் சும்மா இருக்கீங்க?" என்றார். தெர்மாமீட்டரைக் காட்டியும் அவர் சமாதானமாகவில்லை. கொடைக்கானலில் வெயில் ஏறியதும் ஆரம்பித்து மதியத்துக்குள் முடித்துவிடுவது, கூடுமானவரை தை பிறந்த பிறகு வேலையை வைத்துக்கொள்வது. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் பெரிய தொல்லை வராது.

இங்கே கீழே வந்தால் இதே விதி தலைகீழ். செட்டிநாட்டில் காலையில் பூச்சு போடக் கூடாது. வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, நுண்துளைக்குள் இருக்கும் காற்று விரிந்து மேலே வரும். ஈரமான எப்பாக்சியில் ஊசி குத்தினாற்போலப் புள்ளி புள்ளியாகக் குமிழ் வெடிக்கும். சாயங்காலம் தரை குளிர ஆரம்பித்த பிறகு பிரைமர் அடித்தால் காற்று சுருங்கும், பூச்சையும் துளைக்குள் இழுத்துக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் வாளியில் கலந்த எப்பாக்சியை இரண்டு நிமிடம் சும்மா வைக்கக்கூட முடியாது. மொத்தமாக இருக்கும்போது தன் சூட்டில் தானே வெந்து, புகைந்து, கட்டியாகிவிடும். கலந்தவுடன் தரையில் வரிசையாக ஊற்றிவிட வேண்டும்.

சரி, ஆச்சி வீட்டுக்கு வருவோம். நம்ம பக்கத்துப் பழைய வீடுகளை உயரமாகத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். தெருவிலிருந்து படியேறித்தான் திண்ணைக்கே போக வேண்டும். கார் ஷெட் அப்படியில்லை, தெரு மட்டத்தில் கிராவலைக் கொட்டி, அதன்மேல் நேரே கான்கிரீட். அடியில் பாலித்தீன் ஷீட் விரிப்பவர்கள் மிகக் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊருணி நிறைந்து மண் நனைந்தபிறகு ஈரம் கான்கிரீட் வழியாக மேலே ஏறும். சும்மா கிடக்கும் சிமென்ட் தரையில் அது வந்தபடி காற்றோடு போய்விடும், நமக்குத் தெரியவே தெரியாது. மேலே எப்பாக்சி மூடி போட்டோமா, போக வழியில்லாமல் அடியிலேயே சேர்ந்து பூச்சைத் தூக்கும். மாசியில் போட்ட தரை மார்கழியில் கொப்புளம் கொப்புளமாக நிற்பது இதனால்தான். கொப்புளத்தைக் குத்தினால் தண்ணீர் தெறிக்கும்.

இதைக் கண்டுபிடிக்க மெஷின் எதுவும் வேண்டாம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பாலித்தீன் ஷீட்டைத் தரையில் வைத்து நாலு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டிவிடுங்கள். ஓர் இரவும் பகலும் கழித்துப் பிரித்துப் பாருங்கள். ஷீட்டின் அடியில் முத்து முத்தாக நீர் நின்றாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது. கோடையில் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம். மழைக்காலம் முடிந்த கையோடு பார்ப்பதுதான் உண்மையான பரீட்சை. ஆச்சி வீட்டில் மகன் பங்குனியில் ஊருக்கு வரும்போது வேலையை முடித்துவிட ஆசைப்பட்டார்கள். புதுக் கான்கிரீட் வேறு. 28 நாள் ஆறாமல் எந்தப் பூச்சும் கூடாது. மழை போய் ஷீட் ஒட்டிப் பார்த்தோம். போர்டிகோவின் உள்பக்கம் காய்ந்திருந்தது, கிணற்றடியை ஒட்டிய மூலையில் ஷீட்டுக்குள் நீர். அந்த ஓரத்துக்கு எப்பாக்சி வேண்டாம் என்று சொல்லி, ஆவியை வெளியே விட்டு நீரை உள்ளே விடாத சிலேன் வகை சீலரை மட்டும் அடித்தோம். பளபளப்பு வராது. "பாதி பளபளப்பு, பாதி வெறுந்தரையா?" என்று ஆச்சி முகம் சுளித்தார்கள். ஆனால் தரை நிற்கிறது.

இங்கே இன்னொரு வியாதி சிமென்ட் பால். கான்கிரீட் போட்டு முடித்ததும் மேலே சிமென்ட்டைத் தூவி, தண்ணீர் தெளித்து, கரணையால் வழவழவென்று இழுத்துவிட்டால்தான் நம்ம கொத்தனார்களுக்கு வேலை முடிந்த திருப்தி. நடக்க நன்றாக இருக்கும். பூச்சுக்கு அதைப்போலக் கெடுதல் வேறில்லை. அந்தத் தோல் பலமில்லாதது. பூச்சு அதைப் பிடித்துக்கொள்ளும், அது கான்கிரீட்டைப் பிடிக்காது. யாராவது பூச்சு உரிகிறது என்று கூப்பிட்டால் நான் முதலில் உரிந்த துண்டைத் திருப்பிப் பார்ப்பேன். முதுகில் சாம்பல் பொடி ஒட்டியிருந்தால் சிமென்ட் பால் பெயர்ந்திருக்கிறது. முதுகு வழவழப்பாக, தரையின் அச்சு எதுவுமில்லாமல் இருந்தால் தரையைத் தேய்க்காமலே அடித்திருக்கிறார்கள். ஈரமாகவோ உப்புப் பூத்தோ இருந்தால் கீழிருந்து தண்ணீர். இரண்டு கோட்டுக்கு நடுவில் பிரிந்து, அடிக்கோட் தரையிலேயே நின்றால் நான் முன்னே சொன்ன படலமோ, இடையில் விழுந்த தூசியோ. கடைக்காரர், கான்ட்ராக்டர், வீட்டுக்காரர் மூவரும் மாற்றி மாற்றிப் பழி போடும் சண்டையில் அந்தத் துண்டு ஒன்றுதான் சாட்சி. தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தேய்க்க வேண்டாம், ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊற்றிக் கழுவினால் போதும் என்பவர்கள் உண்டு. கழுவிய ஆசிட் முழுக்கப் போகாமல் தங்கினால் அதுவும் குளோரைடுதான். கிரைண்டிங் செய்தால் தூசி பறக்கும். வாக்குவம் இணைத்த மெஷின், நல்ல மாஸ்க் இரண்டும் கட்டாயம். கான்கிரீட் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். தேய்த்து முடித்த தரையில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே குடித்துவிட்டால் தயார். முத்தாக நின்றால் எண்ணெயோ பழைய சீலரோ இன்னும் இருக்கிறது.

வெயில் நம்ம ஊரில் பனிக்குச் சமமான எதிரி. எப்பாக்சி வெயில் பட்டால் மஞ்சளித்து, மேலே சுண்ணாம்பு மாதிரிப் பொடியும். போர்டிகோவில் வெயில் விழும் பட்டை மட்டும் மஞ்சளாக, நிழலில் இருந்த இடம் பழைய நிறத்திலேயே இருக்கும் தரைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வெளிச்சம் படும் இடத்துக்கு மேல்கோட் பாலியூரித்தேனோ பாலிஅஸ்பார்டிக்கோதான் வேண்டும். பாலிஅஸ்பார்டிக் நம்ம சூட்டிலும் மழைக்கால ஈரக்காற்றிலும் இன்னும் வேகமாக இறுகும் என்பதால் நான் பெரும்பாலும் பாலியூரித்தேன் பக்கம் போகிறேன். ஆச்சி மகன் அங்கே வாங்கிய பாலிஅஸ்பார்டிக்கையே இங்கேயும் போடாததற்கு இதுதான் காரணம். டயர் சூட்டையும் சொல்ல வேண்டும். மே மாதம் திருச்சியிலிருந்து ஓட்டிவந்த காரை நேரே கொண்டுவந்து நிறுத்தினால் கொதிக்கும் டயர் பூச்சை இளக்கும். ஆறும்போது டயர் சுருங்கிப் பூச்சை இழுக்கும். மறுநாள் காரை எடுத்தால் நாலு டயர் அளவுக்குப் பூச்சு டயரோடு போயிருக்கும். ஒற்றை டப்பாவில் வரும் தரை பெயிண்ட்டுகளுக்கு இது வழக்கமான முடிவு.

ஆத்தங்குடிக் கல் பதித்த இடத்திலோ, பழைய சுண்ணாம்புத் தளத்திலோ எப்பாக்சி கேட்டு வந்தால் நான் வேலையே எடுப்பதில்லை. இரண்டுமே ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடுகிற தரை. ஆத்தங்குடிக் கல்லுக்குத் துடைக்கிற தண்ணீரில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். அப்புறம் கோலம். பூச்சு போட்ட தரையில் மாக்கோலம் நிற்காது, காய்ந்ததும் காற்றில் பறந்துவிடும். ஆச்சி வீட்டில் வாசல் ஓரம் ஒரு பட்டையைப் பூச்சில்லாமல் விடச் சொன்னது அதற்காகத்தான். வீடியோவில் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள்.

பராமரிப்பும் ஊருக்கு ஊர் மாறும். கொலராடோவில் உருகிய பனியை இரும்பு மண்வெட்டியால் சுரண்டாமல் ரப்பர் வைப்பரால் தள்ள வேண்டும், பனிக்காலம் முடிந்ததும் உப்புப் போக நன்றாகக் கழுவிவிட வேண்டும். இங்கே செம்மண் தூசியைத்தான் அடிக்கடி பெருக்க வேண்டும். அது டயருக்கு அடியில் உப்புத்தாள் வேலை பார்க்கும்.

கொட்டேஷன் வாங்கும்போது 'இரண்டு கோட் எப்பாக்சி' என்று மட்டும் எழுதியிருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தின்னரை ஊற்றி இளக்கி நாலு கோட்டே அடிக்கலாம். கிரைண்டிங் தனியாக எழுதியிருக்கிறதா, மேல்கோட் என்ன வகை, மொத்தக் கனம் எத்தனை மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று கேளுங்கள். தின்னரே இல்லாத எப்பாக்சி ஒரு லிட்டரை 100 சதுர அடியில் பரப்பினால் ஏறக்குறைய 107 மைக்ரான் வரும். 200 சதுர அடி ஷெட்டுக்கு 300 மைக்ரான் பேசியிருந்தால் ஐந்தரை லிட்டருக்குக் குறையாமல் தரையில் இறங்கியிருக்க வேண்டும். வேலை நடக்கும் அன்று காலி டப்பாக்களை ஓர் ஓரமாக அடுக்கி வைக்கச் சொல்லி, சாயங்காலம் எண்ணிப் பாருங்கள்.